ஆர்சனல் 2025-26: கியோகெரெஸ் வந்தாச்சு, அந்த 14 டிரா தீருமா?

வடசென்னை_கன்னர்
10 ஆகஸ்ட் 2025

வர்ற ஞாயிறு, 17-ஆம் தேதி, நம்ம நேரம் ராத்திரி 9 மணிக்கு மான்செஸ்டர் யுனைடெட்டோட ஓல்டு டிராஃபோர்டில் ஆர்சனலுக்கு பிரீமியர் லீக் முதல் மேட்ச். அதுக்குள்ள ஒரு விஷயத்தை உட்கார்ந்து கணக்குப் போட்டுடலாம்னுதான் இந்த இழை.

போன சீசன் 74 பாயிண்ட். 20 வெற்றி, 14 டிரா, 4 தோல்வி. சாம்பியன் லிவர்பூல் 84. நாலே நாலு மேட்ச் தோத்துட்டு பத்து பாயிண்ட் பின்னாடி நிக்கிறது எவ்வளவு கொடுமைன்னு சொல்லத் தேவையில்லை. 2023-24-ல 91 கோல் அடிச்ச டீம், போன வருஷம் 69. லீக்ல ஒருத்தர்கூட ரெட்டை இலக்கத்தைத் தொடலை. ஹாவர்ட்ஸோட 9 தான் அதிகபட்சம், அவரும் பிப்ரவரி துபாய் கேம்ப்ல தொடைத் தசை போய் உட்கார்ந்துட்டார். ஜெசூஸுக்கு ஜனவரியிலேயே முழங்கால் லிகமென்ட் போச்சு. சாகா டிசம்பர் 21 பேலஸ் மேட்ச்ல வெளிய போனவர் ஏப்ரல் 1-ஆம் தேதிதான் திரும்ப வந்தார். கடைசியில மிட்ஃபீல்டர் மெரினோவைக் கூட்டிட்டு வந்து முன்னாடி நிக்க வச்சு ஓட்டுனோம்.

இந்த சம்மர்ல நம்ம ஸ்போர்ட்டிங் டைரக்டர் ஆண்ட்ரியா பெர்ட்டா நிறையவே வாங்கியிருக்கார். சுபிமெண்டி, நோர்கார்டு, கெப்பா, மடுவேக்கே, மொஸ்கேரா, கடைசியா சுமார் 5.5 கோடி பவுண்டுக்கு போர்ச்சுகலோட ஸ்போர்டிங் கிளப்ல இருந்து ஸ்ட்ரைக்கர் கியோகெரெஸ். பார்ட்டேயும் ஜோர்ஜின்ஹோவும் போயாச்சு. நேத்து ஃப்ரெண்ட்லில பில்பாவோவை 3-0 அடிச்சதுல கியோகெரெஸ் ஒரு கோல் போட்டதும் டைம்லைன் முழுக்க "கோப்பை நமக்குத்தான்"னு ஆரம்பிச்சுட்டாங்க.

என் சந்தேகம் இதுதான். "ஸ்ட்ரைக்கர் இல்லை, அதனாலதான் டிரா"ன்னு எல்லாரும் சொல்றாங்க. நம்ம ஹோம் கிரவுண்டு எமிரேட்ஸ் வர்ற டீம்ல பாதி 5-4-1 (பின்னாடி அஞ்சு டிஃபெண்டர்) போட்டு பாக்ஸ் வாசல்ல உட்கார்ந்துடும். கியோகெரெஸ் பலமே முன்னாடி இடம் இருந்தா ஓடுறது. இடமே இல்லாத இடத்துல அவர் என்ன பண்ணுவார்? இடது விங்குக்கு ஆள் எடுக்காம இவருக்கு அவ்வளவு காசு கொட்டினது சரியா? முதல் ஆறு மேட்ச்ல யுனைடெட், லிவர்பூல், சிட்டி, நியூகாசில் நாலும் இருக்கே, அதுல எத்தனை பாயிண்ட் எடுத்தா தேறுவோம்?

மேனேஜர் ஆர்டெட்டா இருக்கணுமா போகணுமான்னு ஆரம்பிக்காதீங்க, அதுக்கு வேற இழை ஓடுது.

---

கணக்குப்பிள்ளை
10 ஆகஸ்ட் 2025

கேள்வி நல்ல கேள்வி. ஆனால் "லோ பிளாக்கை (பாக்ஸ் வாசலில் மொத்தமாக உட்கார்ந்து தடுக்கும் டீமை) உடைக்க முடியாமல் டிரா ஆனோம்" என்பதே தவறான தொடக்கம். 14 டிராவையும் பிரித்துப் போட்டுப் பாருங்கள்.

கோலே விழாமல் முடிந்தவை இரண்டுதான்: எவர்ட்டனுடன் ஹோம், ஃபாரஸ்டுடன் அவே. பின்தங்கியிருந்து சமன் செய்தவை மூன்று: ஃபுல்ஹாம் அவே, யுனைடெட் அவே, 0-2 இருந்து 2-2 ஆன லிவர்பூல் அவே (ஆன்ஃபீல்டு). ஆக ஐந்து போயிற்று. மீதி ஒன்பதிலும் ஏதோ ஒரு கட்டத்தில் நாம்தான் முன்னிலை. ஹோமில் பிரைட்டன், லிவர்பூல், வில்லா, பிரென்ட்ஃபோர்டு, பேலஸ். அவேயில் சிட்டி, செல்சி, பிரைட்டன், எவர்ட்டன்.

ஒன்பது டிரா, ஒவ்வொன்றிலும் இழந்தது இரண்டு பாயிண்ட் என்றால் 18. மே மாதம் ரைஸ் கோல் போட்டு முன்னிலை கொடுத்த பிறகும் போர்ன்மவுத்திடம் ஹோமில் 1-2 தோற்றதில் ஒரு மூன்று. மொத்தம் 21 பாயிண்ட் நம் கையில் இருந்து நழுவியது. லிவர்பூலுடன் இடைவெளி 10 என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பூட்டைத் திறக்க முடியாதது நம் பிரச்சினையில்லை, திறந்த கதவைச் சாத்த முடியாததுதான்.

எப்படி நழுவியது? ஒரே காரணம் இல்லை. பிரைட்டன் ஹோமிலும் சிட்டியிலும் பத்துப் பேரோடு ஆடினோம். சிட்டியில் 98-ஆவது நிமிடம் ஸ்டோன்ஸ் சமன் செய்தார். பிரைட்டன் அவே, எவர்ட்டன் அவே இரண்டும் பெனால்டி. வில்லாவிடம் 2-0 இருந்தபோது எட்டு நிமிட இடைவெளியில் இரண்டு கிராஸ், இரண்டும் தூரக் கம்பத்தில் முடிந்தன. பேலஸிடம் 2-1 இருக்கும்போது சலிபாவின் தவறான பாஸ், மட்டேட்டா நம் கீப்பர் ராயா தலைக்கு மேல் தூக்கிப் போட்டார்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரே ஒரு தொடர் ஓடுகிறது. 1-0 ஆனதும் அறுபதாவது நிமிடத்துக்கு மேல் எதிரணி வரிசையை உயர்த்துகிறது. நாம் 4-4-2 அல்லது 5-4-1 ஆகப் பின்வாங்குகிறோம். பந்தைப் பறித்து வெளியே அடிக்கிறோம். முன்னால் இருப்பவர் ஹாவர்ட்ஸ் அல்லது மெரினோ. இருவரும் காலடிக்குப் பந்து கேட்டு இறங்கி வருபவர்கள், முதுகுப் பக்கம் ஓடுபவர்கள் இல்லை. அதனால் எதிரணி சென்டர்பேக் பயமில்லாமல் நடுக்கோடு வரை ஏறி அந்தப் பந்தை முட்டித் திருப்புகிறார். ஐந்து நொடியில் பந்து மறுபடி நம் பாக்ஸ் வாசலில். இது பத்துத் தடவை நடந்தால் ஒரு தடவை கிராஸாகவோ கார்னராகவோ பெனால்டியாகவோ முடியத்தான் செய்யும்.

கியோகெரெஸ் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். அவருடைய முதல் பழக்கமே எதிரணி வலது பேக்குக்கும் வலது சென்டர்பேக்குக்கும் இடையே உள்ள சந்தில் ஓடுவது. கிளியர் செய்த பந்து அங்கே விழுந்தால் உடம்பைக் குறுக்கே கொடுத்துப் பிடித்து வைப்பார். ஒன்றும் இல்லையென்றாலும் ஒரு த்ரோ-இன் கிடைக்கும், ஆட்டம் 40 மீட்டர் மேலே போகும், நம் பேக் நால்வரும் மூச்சு வாங்குவார்கள். அந்த பயத்திலேயே எதிரணி சென்டர்பேக் பத்து மீட்டர் கீழே நிற்பார். 2024 நவம்பரில் ஸ்போர்டிங் டீம் மான்செஸ்டர் சிட்டியை 4-1 அடித்தபோது அவர் போட்ட மூன்றில் இரண்டு பெனால்டி, ஆனால் முதல் கோலைப் பாருங்கள்: உயர்ந்து நின்ற வரிசைக்குப் பின்னால் ஒரே ஓட்டம்.

அதே மாதம் நம்மிடம் ஸ்போர்டிங் 1-5 தோற்றதில் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நம் கேப்ரியல் கோல் போட்டு கியோகெரெஸின் முகமூடிக் கொண்டாட்டத்தையே செய்து காட்டினார். இப்போது இருவரும் ஒரே டிரெஸ்ஸிங் ரூம், பாவம்.

எதிர்பார்ப்பை எங்கே வைக்க வேண்டும்? போன சீசன் போர்ச்சுகல் லீகில் 33 மேட்சில் 39 கோல். அந்தக் கணக்கை அப்படியே பிரீமியர் லீகுக்கு இழுக்காதீர்கள். அதில் பெனால்டி கணிசம், அங்கே ஸ்போர்டிங்கிடம் திணறும் டீம்களும் அதிகம். லீகில் 15 முதல் 18 போதும். அதில் ஐந்து கோல் 1-0-வை 2-0 ஆக்கும் கோலாக இருந்தால், ஐந்து டிரா வெற்றியாகிறது. பத்து பாயிண்ட். இடைவெளியே அவ்வளவுதான்.

லோ பிளாக்கில் அவர் என்ன செய்வார் என்று கேட்டீர்கள். அதிகமாக ஒன்றும் செய்ய மாட்டார். இரண்டு சென்டர்பேக்கையும் கட்டிப் போட்டு ஓடகார்டுக்கு பாக்ஸ் முகப்பில் இரண்டு கெஜம் அதிகம் கொடுப்பார். உடைக்கும் வேலை சாகா, ஓடகார்டு, வலது பேக் என்ற அந்த வலப்பக்க முக்கோணத்துடையது, அது மாறவில்லை.

---

கார்னர்_கடை
10 ஆகஸ்ட் 2025

பிள்ளைவாள் கணக்கு கச்சிதம். ஆனா ரெட் கார்டை ஒரு வரியில தாண்டிட்டீங்க, அது சும்மா விடுற விஷயம் இல்ல.

போன சீசன் லீக்ல ஆறு ரெட். ரைஸ், ட்ரோசார்ட், சலிபா, லூயிஸ்-ஸ்கெல்லி ரெண்டு, மெரினோ. அதுல வுல்வ்ஸ் மேட்ச்ல லூயிஸ்-ஸ்கெல்லிக்குக் கொடுத்த ரெட் மட்டும் அப்பீல்ல ரத்தாச்சு. ரைஸும் ட்ரோசார்டும் போனது ஒரே காரணத்துக்கு: விசில் அடிச்ச பிறகு பந்தைத் தட்டி விட்டது. ஆட்டத்தைத் தாமதப்படுத்தினா மஞ்சள், ரெண்டு பேருமே ஏற்கெனவே ஒரு மஞ்சள்ல இருந்தாங்க. "மத்தவனுக்குக் கொடுக்கலையே"ன்னு ஆயிரம் கிளிப் போடலாம், பாயிண்ட் திரும்ப வராது.

சலிபா கதை இன்னும் மோசம். போர்ன்மவுத்ல 30-ஆவது நிமிஷம், ட்ரோசார்ட் கொடுத்த அரைகுறை பேக்பாஸுக்காக எவானில்சனை இழுத்துப் போட்டு வெளிய போனார். 0-0 இருந்த மேட்ச் 0-2 ஆச்சு. அதோட முடியல. சஸ்பென்ஷன்ல அடுத்த வாரம் லிவர்பூல் மேட்ச்ல அவர் இல்ல, கேப்ரியல் நடுவுல காயத்துல இறங்கிட்டார், 81-ல சாலா சமன் பண்ணிட்டார். ஒரே ரெட் ரெண்டு மேட்ச்சைத் தின்னுடுச்சு. இப்போ மொஸ்கேரா வந்ததோட அர்த்தம் இதுதான். சென்டர்பேக்லயும் வலது பேக்லயும் ஆடுவார், சலிபாவுக்கோ கேப்ரியலுக்கோ ஏதாவது ஆனா டிம்பரை இடம் மாத்தி மொத்த லைனையும் கலைக்க வேண்டியதில்லை.

இப்போ நம்ம கடைக்கு வரேன். கார்னர்.

இடது கார்னர் ரைஸ், வலது கார்னர் சாகா. ரெண்டுமே உள்ள வளைஞ்சு வர்ற பந்து. நம்ம ஆளுங்க அஞ்சாறு பேர் தூரக் கம்பத்துக்கு வெளிய கும்பலா நிப்பாங்க. ரைஸ் கை தூக்கி ஓட ஆரம்பிச்சதும் கும்பல் ஆறு கெஜப் பெட்டிக்குள்ள உடைஞ்சு ஓடும். ஒருத்தர் கீப்பர் முன்னாடி நின்னு அவர் அடி எடுத்து வைக்கிற வழியை அடைப்பார், ஒருத்தர் கேப்ரியலைப் பிடிச்சிருக்கிறவனோட பாதையில குறுக்க வருவார், கேப்ரியல் கடைசியா சுத்திட்டு வந்து முட்டுவார். போன டிசம்பர்ல யுனைடெட்டை 2-0 அடிச்சது ரெண்டும் கார்னர்தான், டிம்பரும் சலிபாவும்.

ஆனா எதிராளிங்களும் பாடம் படிச்சுட்டாங்க. கீப்பர் பக்கத்துல ரெண்டு உயரமான ஆளுங்களை நிக்க வைக்கிறாங்க, கேப்ரியல் ஓட ஆரம்பிக்கிற இடத்திலேயே ஒருத்தன் நெஞ்சைக் கொடுத்து நிறுத்துறான். ஏப்ரல்ல ஃபுல்ஹாம் மேட்ச்ல கேப்ரியல் தொடைத் தசை போனதும் மிச்ச சீசன்ல கார்னர் பயமே எதிராளிக்கு இல்லாம போச்சு. இந்த வருஷம் முட்டுறதுக்கு ரெண்டாவது ஆள் வேணும். மெரினோ இருக்கார், கியோகெரெஸும் ஆறடிக்கு மேல. கேப்ரியலை நோக்கி ரெண்டு பேர் போனா பக்கத்துக் கம்பத்துல இவங்க ஒருத்தருக்காவது இடம் கிடைக்கணும். செட்-பீஸ் கோச் ஜோவர் இதை எப்படி அடுக்குறார்ங்கிறதை முதல் மூணு மேட்ச்ல கவனிங்க.

புது ரூல் ஒன்னு நமக்குன்னே எழுதின மாதிரி இருக்கு. கீப்பர் பந்தைக் கையில எட்டு செகண்டுக்கு மேல வச்சிருந்தா எதிரணிக்குக் கார்னர். கடைசி அஞ்சு செகண்டை ரெஃப்ரி கையைத் தூக்கி விரல் விட்டு எண்ணுவார். எமிரேட்ஸ்ல 0-0-க்காக நேரம் கடத்த வர்ற டீமுக்கு இது தலைவலி. ஆனா அதே கத்தி ராயாவுக்கும் உண்டு, 1-0 லீடுல பந்தைக் கட்டிப்பிடிச்சுப் படுக்கிற பழக்கத்தை விட்டாகணும்.

நீள த்ரோ-இன் பத்தியும் ஒரு வார்த்தை. போர்ன்மவுத் ஹோம்ல ஹைசென் போட்ட கோல் நீள த்ரோவிலதான். நோர்கார்டு பிரென்ட்ஃபோர்டு கேப்டனா இருந்தவர், அந்த டீமோட பொழைப்பே இந்த த்ரோதான், எப்படிப் போடுறதுன்னும் தெரியும் எப்படி முட்டி வெளிய தள்ளுறதுன்னும் தெரியும். 31 வயசு ஆளை எதுக்கு வாங்குனாங்கன்னு கேக்குறவங்களுக்கு: 75-ஆவது நிமிஷம், 1-0 லீடு, எதிராளி த்ரோவைத் துண்டால துடைச்சிட்டு நிக்கிறான், பக்கத்துக் கம்பத்துல இவர் நிப்பார். அவ்வளவுதான் வேலை, அதுக்குக் கொடுத்த காசு கம்மிதான்.

---

வடசென்னை_கன்னர்
10 ஆகஸ்ட் 2025

21 பாயிண்ட் கணக்கைப் பார்த்துட்டு தூக்கம் போச்சு. சரி, இடது பக்கத்தைப் பத்தி யாரும் வாயே திறக்கலையே? சுபிமெண்டி வந்தா ரைஸ் எங்க ஆடுவார்?

---

ஹொலோவே_மச்சான்
11 ஆகஸ்ட் 2025

அதைத்தான் நான் சொல்ல வந்தனான். கியோகெரெஸ் வந்தது இடப்பக்கப் பிரச்சினையைத் தீர்க்கேல்லை, இன்னும் கொஞ்சம் சிக்கலாக்கி விட்டிருக்கு.

முதல்ல சுபிமெண்டி. பார்ட்டே உடம்பால பந்தைக் காப்பாற்றுற ஆள், பின்னுக்கு ஒருத்தன் இடிச்சாலும் சுத்தித் திரும்பி வருவார். சுபிமெண்டி அப்பிடி இல்லை. பந்து வர முதலே தோளுக்கு மேல ரெண்டு தரம் பார்த்து, முதல் தொடுகையிலேயே முன்னுக்குக் குடுத்து விடுவார். 2024 யூரோ இறுதியாட்டத்தில ரோட்ரி காயப்பட்டு இடைவேளைக்குப் பிறகு இறங்கினது இவர்தான், ஸ்பெயின் ஒரு குறையும் தெரியாம ஆடி வென்றது. ஆனா இங்க முதல் ரெண்டு மாதம் தடுமாறுவார் எண்டு எதிர்பாருங்கோ. நியூகாசில் மாதிரி ஆளுக்கு ஆள் பிடிச்சு அமுக்குற டீம் அவரின்ட முதல் தொடுகையையே குறி வைக்கும். அவருக்குப் பந்து குடுக்கிற கோணம் முக்கியம்: சலிபா நேரா நெஞ்சுக்குக் குடுக்கக் கூடாது, வலக்காலின்ட முன்பக்கத்துக்குக் குடுக்க வேணும், அப்பத்தான் திரும்பாமலே முன்னுக்குப் பார்ப்பார்.

இவர் ஆறாம் நம்பர் (தடுப்பு மிட்ஃபீல்டர்) இடத்தில நிண்டா ரைஸ் இடது எட்டு (மேல ஏறி ஆடுற மிட்ஃபீல்டர்). இங்கதான் நெரிசல். ரைஸ் ஓடுறது இடது சென்டர்பேக்குக்கும் பக்கக் கோட்டுக்கும் நடுவில. மார்ட்டினெல்லி உள்ளுக்கு வெட்டி வாறதும் அதே இடத்துக்கு. கியோகெரெஸ் விரும்பிப் போறதும் அதே இடது சந்து. ஒரு ஒழுங்கைக்குள்ள மூண்டு பேர், தூரக் கம்பத்தில ஒருத்தரும் இல்லை. பந்து உள்ளுக்குப் போனாலும் முடிக்க ஆள் இருக்காது.

தீர்வு இடது பேக் ஆர் எண்டதில இருக்கு. லூயிஸ்-ஸ்கெல்லி ஆடினா அவர் உள்ளுக்கு வந்து சுபிமெண்டிக்குப் பக்கத்தில நிப்பார்; அப்ப ரைஸுக்கு மேல போக விடுதலை, விங்கர் கோட்டில சுண்ணாம்பு மிதிச்சுக்கொண்டு நிக்க வேணும். கலாஃபியோரி ஆடினா அவரே பாக்ஸ் வரைக்கும் ஏறுவார்; அப்ப ரைஸ் கீழ நிண்டு காவல் காக்க வேணும். இரண்டையும் ஒரே ஆட்டத்தில கலந்தா கவுண்டரில அடி வாங்குவம். கியோகெரெஸ் இடப்பக்கம் இழுபடுற ஒவ்வொரு தரமும் மார்ட்டினெல்லி நடுவுக்கு ஓட வேணும், வலக்கரையில இருந்து சாகா தூரக் கம்பத்துக்கு வரவேணும். இது பயிற்சியில பழகிற விசயம், ஒரு கிழமையில வராது.

மடுவேக்கேயை எடுத்ததுக்கு இங்க சனம் கையெழுத்து இயக்கமே நடத்தினது. சுமார் 4.85 கோடி பவுண்டு கூடத்தான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா சாகா போன முறை மூண்டு மாதத்துக்கு மேல இல்லாதபோது வலக்கரை எப்பிடிச் செத்துப்போய்க் கிடந்தது எண்டதை மறக்கக் கூடாது. சிறுவன் நுவனேரி தோளில மொத்தப் பாரத்தையும் ஏத்தினம். மடுவேக்கே இடக்கால்காரர், வலப்பக்கம் ஆடினா சாகா மாதிரியே உள்ளுக்கு வருவார். இடப்பக்கம் போட்டா இன்னும் சுவாரசியம்: கோல்கோடு வரைக்கும் போய் இடக்காலால நிலத்தோட பந்தை இழுத்து விடலாம். ஸ்ட்ரைக்கருக்குப் பக்கத்துக் கம்பத்தில வேண்டியது அதுதான். குறை என்னெண்டா தலையைக் குனிஞ்சுகொண்டு ஓடுவார், பாஸ் குடுக்க வேண்டிய நேரத்தில ஷாட் அடிப்பார்.

எண்டாலும் இடப்பக்கத்துக்கு உண்மையான ஒரு ஆள் வேணும். ஆள் வாங்குற டிரான்ஸ்ஃபர் ஜன்னல் செப்டம்பர் 1 இரவு ஏழு மணிக்குத்தான் மூடுது, உங்கட நேரத்துக்கு 11:30. அதுக்குள்ள ஆளில்லாட்டி மார்ட்டினெல்லியையும் ட்ரோசார்டையும் வைச்சு ஐம்பதுக்கு மேற்பட்ட ஆட்டம் ஓட்ட வேணும். ட்ரோசார்ட் போன வருசம் லீக்கில எட்டுக் கோல், மார்ட்டினெல்லியும் எட்டு. அந்த இடத்தில இருந்து இருபது வேணும் எண்டு நான் கேக்கேல்லை. ரெண்டு பேரையும் சேர்த்து ஆறு கோல் கூட வந்தாலே போதும்.

---

சிங்கைப்_பீரங்கி
11 ஆகஸ்ட் 2025

முதல் ஆறு மேட்ச் கேட்டிருந்தீர்கள். போன சீசன் அதே மேட்ச்களில் நாம் எடுத்ததைப் பக்கத்தில் வைத்தால் இலக்கு தானாகத் தெரியும்.

ஆகஸ்ட் 17, யுனைடெட் அவே: போன முறை 1-1
ஆகஸ்ட் 23, லீட்ஸ் ஹோம்: போன முறை லீகில் இல்லை, ஏறி வந்த மூன்று டீமையும் ஹோமில் வென்றோம்
ஆகஸ்ட் 31, லிவர்பூல் அவே: 2-2
செப்டம்பர் 13, ஃபாரஸ்ட் ஹோம்: 3-0
செப்டம்பர் 21, சிட்டி ஹோம்: 5-1
செப்டம்பர் 28, நியூகாசில் அவே: 0-1

லீட்ஸுக்கு மூன்று வைத்தால் 11 பாயிண்ட். அதையே திரும்ப எடுத்தால் தேறலாம், 13 எடுத்தால் கோப்பைப் பேச்சைப் பேசலாம், 9-க்குக் கீழே போனால் அக்டோபரிலேயே துரத்த வேண்டிவரும். லிவர்பூலில் தோற்காமல் வருவது யுனைடெட்டை வெல்வதைவிட முக்கியம், ஏனென்றால் அது அவர்களிடமிருந்து இரண்டு பாயிண்டைப் பிடுங்குகிறது. நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க்தான் எனக்கு உறுத்தல். 2023-24 லீகில் 0-1, போன சீசன் லீகில் 0-1, லீக் கப் அரையிறுதியில் 0-2. மூன்று தடவை போய் ஒரு கோல்கூட இல்லை. அதற்குப் பிறகு அட்டவணை இளகுகிறது: வெஸ்ட் ஹாம், ஃபுல்ஹாம், பேலஸ், பர்ன்லி, சண்டர்லேண்ட்.

சீசனுக்கு முந்தைய டூர் முடிவுகளை இரு பக்கமும் பெரிதாக எடுக்க வேண்டாம். இங்கே சிங்கப்பூர் நேஷனல் ஸ்டேடியத்தில் மிலான் 1-0, நியூகாசில் 3-2. ஹாங்காங்கில் டாட்டன்ஹாமிடம் 0-1. பிறகு லண்டனில் வில்லாரியாலிடம் 2-3, பில்பாவோ 3-0. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: ஹாங்காங்கில் டாட்டன்ஹாமின் பாப் சார் போட்ட கோல், ராயா மேலே ஏறி நிற்கும்போது நம் பாதியில் பந்தைப் பறிகொடுத்ததால் வந்தது. பேலஸ் மேட்சில் மட்டேட்டா செய்ததும் அதே ரகம். இதை வீடியோவில் பார்த்துக் குறித்து வைக்காத எதிரணி அனலிஸ்ட் இருக்க மாட்டார். ராயா அவ்வளவு மேலே நிற்பதை நிறுத்தச் சொல்லவில்லை, பில்டப்பில் அவர் பதினொன்றாவது ஆள். ஆனால் சென்டர்பேக் அழுத்தத்தில் இருக்கும்போது பின்னால் இறங்குவது யார் வேலை என்பது தீர்மானமாக இருக்க வேண்டும்.

ஃபேன்டசி (நிஜ வீரர்களை விலைக்கு எடுத்து டீம் கட்டும் ஆன்லைன் ஆட்டம்) ஆடுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் டிஃபெண்டர் ஒரு மேட்சில் டேக்கிள், இன்டர்செப்ஷன், கிளியரன்ஸ், பிளாக் எல்லாம் சேர்த்து 10 எடுத்தால் 2 பாயிண்ட். மிட்ஃபீல்டருக்கும் ஃபார்வர்டுக்கும் 12, ஆனால் அவர்களுக்கு ரிகவரியும் (பந்தை மீட்டெடுப்பது) கணக்கில் சேரும். இதனால் பந்தை அதிகம் வைத்திருக்கும் நம் டீம் டிஃபெண்டர்களுக்குப் பெரிய லாபம் இல்லை, கிளியர் செய்யப் பந்தே வராது. லாபம் ரைஸுக்கு: 6.5 மில்லியன், கார்னரும் அவரே, ரிகவரியும் நிறைய. கேப்ரியலும் சலிபாவும் தலைக்கு 6.0, ராயா 5.5. கிளீன் ஷீட்டுக்கு ஒருவர் போதும் என்றால் கேப்ரியல், கோலும் போடுவார். கடினமான ஆறு மேட்சுக்கு மூன்று ஆர்சனல் டிஃபென்ஸ் அடுக்க வேண்டாம்.

கியோகெரெஸ் 9.0, சாகா 10.0. பெனால்டி யார் எடுப்பார் என்பதில்தான் இந்த இரண்டு விலையும் நிற்கிறது. ஸ்போர்டிங்கில் கியோகெரெஸ், நம்மிடம் சாகா. முதல் பெனால்டி விழும்போது பந்தை யார் கையில் எடுக்கிறார் என்று பார்த்துவிட்டு மாற்றலாம், ஒரு டிரான்ஸ்ஃபர்தானே.

---

வடசென்னை_கன்னர்
11 ஆகஸ்ட் 2025

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒன்னு: ஃபேன்டசியில முதல் வாரம் கேப்டன் சாகாவா கியோகெரெஸா? ரெண்டு பேரையும் எடுத்து வச்சிருக்கேன்.

---

கார்னர்_கடை
11 ஆகஸ்ட் 2025

தலைவா, இவ்வளவு பேசினதுக்கு அப்புறமுமா? ஓல்டு டிராஃபோர்டு மேட்ச்சுக்கு நம்ம ஆளுங்க யாரும் கேப்டன் வேண்டாம். போன மூணு வருஷமா அந்த மைதானத்துல நம்ம அட்டாக் பெருசா வெடிச்சதே இல்ல. அந்த வாரம் கோல் வந்தா கார்னர்லதான் வரும்னு என் கணக்கு.

---

சிங்கைப்_பீரங்கி
11 ஆகஸ்ட் 2025

அதே. சாலா, போர்ன்மவுத்துடன் ஹோம். மனசு ஒப்பாது, ஆனால் பாயிண்ட் அங்கேதான். கியோகெரெஸை இரண்டாவது வாரம் லீட்ஸுக்கு எதிராகக் கேப்டன் ஆக்குங்கள். ஃபேன்டசி டீம் போடக் கெடு வெள்ளிக்கிழமை இரவு உங்களுக்கு 11 மணி, எங்களுக்குச் சனி அதிகாலை 1:30. டீம் லிஸ்ட் வரும்வரை காத்திருக்கலாம் என்று நினைக்காதீர்கள். முதல் மேட்சே வெள்ளி என்பதால் நம் டீம் லிஸ்ட் வருவதற்கு ரெண்டு நாள் முன்பே பூட்டிவிடும்.